செக்கு எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் பிரிண்டர் வாங்கணும், எது எடுக்கலாம்?

காங்கேயம்செக்கு:

வணக்கம்ங்க. நாங்க காங்கேயம் பக்கம் சின்னதா மரச்செக்கு போட்டு கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் மூணும் ஆட்டி விக்கறோம். 200 மில்லி, 500 மில்லி, 1 லிட்டர் பெட் பாட்டில், அப்புறம் 5 லிட்டர் கேன். சாதாரண நாள்ல 150லருந்து 200 பாட்டில் போகும், தீபாவளி சமயம் பலகாரத்துக்கு கேட்டு வந்தாங்கன்னா அதுக்கும் மேல. இப்ப வரைக்கும் ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டுல லேசர் பிரிண்டர்ல அடிச்சு கத்திரில வெட்டித்தான் ஒட்டிட்டிருக்கோம், ராத்திரி வீட்டுல எல்லாரும் உக்காந்து வெட்டறதே தனி வேலையா போச்சு, அதுபோக கடை ரேக்குல கொஞ்ச நாள் இருந்துச்சுன்னா பேப்பர் எண்ணெய் குடிச்சு பின்னாடி இருக்கறது தெரிய ஆரம்பிச்சிருது, தேதி விலை எதையும் படிக்க முடியறதில்லைங்க.

சரி லேபிள் பிரிண்டர் ஒண்ணு வாங்கிரலாம்னு விசாரிச்சா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் டைரக்ட் தெர்மல் எடுங்க ரிப்பன் செலவே இல்லைங்கறார். இன்னொருத்தர் டிஎஸ்சி கம்பெனியோட டிஇ244 பிரிண்டர் எடுங்க, ரிப்பன் மிஷின்ல அடிச்சாத்தான் நிக்கும்னு சொல்லி 12,000 ரூபாயை ஒட்டி விலை சொல்றார். மூணாவது ஆள் கலர் இங்க்ஜெட் லேபிள் பிரிண்டரே எடுத்துருங்க, வெளிய அச்சடிக்கவே வேண்டாம்னார், விலைய கேட்டுட்டு யோசிச்சு சொல்றேன்னு போன வச்சுட்டேன்.

பேரு தமிழ்ல வரணும். கொரியர் ஸ்டிக்கரும் அதுலயே அடிக்க முடிஞ்சா நல்லது, மாசம் கொஞ்சம் ஆன்லைன்லயும் போகுது. கோயமுத்தூர்ல ஒரு சூப்பர் மார்க்கெட் சரக்கு கேக்கறாங்க, பார்கோடு இருந்தாத்தான் எடுப்போம்னு சொல்லிட்டாங்க. வச்சிருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

சேலைக்கடை_ஆன்லைன்:

நான் டைரக்ட் தெர்மல்தான் வச்சிருக்கேன், 4க்கு 6 இன்ச் ஸ்டிக்கர், கொரியருக்கு சூப்பர். ரிப்பன் மாட்டற வேலை இல்ல, இங்க் இல்ல, ஆர்டர் வந்தா கிளிக் பண்ணா வந்துரும். ஆனா எங்களுக்கு அந்த ஸ்டிக்கர் கஸ்டமர் வீட்டு வாசல் வரைக்கும் இருந்தா போதும், அதுக்கப்புறம் கிழிச்சு குப்பையிலதான் போடப்போறாங்க. உங்க பாட்டில் அப்படி இல்லையே, சமையல்கட்டுல அடுப்பு பக்கத்துல ரெண்டு மாசம் நிக்கும். எங்க கோடவுன்ல ஜன்னலோரம் வெச்சிருந்த ரிட்டர்ன் பார்சல்லயே எழுத்து வெளுத்துப் போயிருக்கு, அதனால உங்களுக்கு இத நான் சொல்ல மாட்டேன்.

லேபிள்பட்டறை_கோவை:

நான் லேபிள் கன்வர்ட்டிங், அதாவது ஸ்டிக்கர் ரோல் வெட்டித் தயாரிக்கற தொழில்ல இருக்கேன், மிஷினும் விக்கறதில்ல, எந்த கம்பெனிக்கும் ஏஜென்டும் இல்ல, அதனால மனசுல பட்டத சொல்றேன். எல்லாரும் மிஷின்லருந்து ஆரம்பிக்கறீங்க, லேபிள்லருந்து ஆரம்பிங்க. உங்க லேபிள் எதுல ஒட்டப் போகுது, எது அதுமேல படும், எத்தன நாள் படிக்கிற மாதிரி இருக்கணும், இந்த மூணுக்கும் பதில் கிடைச்சா மெட்டீரியல் முடிவாயிரும், மெட்டீரியல் முடிவானா ரிப்பன் முடிவாயிரும், அதுக்கப்புறம் மிஷின் எதுன்றது பெரிய கேள்வியே இல்ல.

டைரக்ட் தெர்மல்னா பேப்பர்லயே கெமிக்கல் பூச்சு இருக்கும், பிரிண்டரோட ஹெட் சூடு பட்ட இடம் கருப்பாகும், அவ்வளவுதான் விஷயம். அந்த பூச்சுக்கு வெயிலும் சூடும் எண்ணெயும் ஆகாது. மேல கோட்டிங் போட்ட டாப் கோட்டட் பேப்பர்னு ஒண்ணு விக்கறாங்க, ஒரு அளவுக்கு தாங்கும், ஆனா எண்ணெய் பாட்டிலுக்கு நான் அத நம்பி கொடுக்க மாட்டேன். ஆக உங்களுக்கு ரிப்பன் மிஷின்தான், அதாவது தெர்மல் ட்ரான்ஸ்ஃபர், ரிப்பன்ல இருக்கற மைய சூட்டால லேபிள் மேல இறக்கறது. அதுல ரெண்டாவது ஆள் சொன்னது சரி, ஆனா அவரு பாதிதான் சொல்லியிருக்கார். ரிப்பன்ல மூணு வகை இருக்கு, வேக்ஸ்னா மெழுகு மை, ரெசின்னா பிசின் மை, ரெண்டும் கலந்தது வேக்ஸ் ரெசின். மிஷின் வாங்கும்போது கூடவே கொடுக்கறது பெரும்பாலும் வேக்ஸ்தான், விலை கம்மி, குரோமோ பேப்பர்ல அழகா விழும், ஆனா எண்ணெய்க் கைல ஒரு தேய் தேய்ச்சா கையோட வந்துரும். நீங்க பேப்பரே வேண்டாம், வெள்ளை பிபி ஃபிலிம், அதாவது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் எடுங்க, எண்ணெய் உறிஞ்சாது. அதுக்கு நல்ல வேக்ஸ் ரெசின் இல்லைன்னா ரெசின். ரெசினுக்கு சூடு ஜாஸ்தி வேணும், வேகத்த குறைச்சு டார்க்னஸ் ஏத்தி அடிக்கணும், ரொம்ப ஏத்தினா பிபி சுருங்கும், அதனால பிபிக்கு செட் ஆகற ரெசினான்னு கேட்டு வாங்குங்க. பசையும் பாருங்க, ரப்பர் பசை எண்ணெய் பட்டா விட்டுரும், அக்ரிலிக் பசைன்னு சொல்லி கேளுங்க.

எந்த கடைக்காரர் என்ன சொன்னாலும் அடிச்ச லேபிள் நாலு சாம்பிள் வாங்கிட்டு வந்து பாட்டில்ல ஒட்டி, மேல உங்க எண்ணெயையே தடவி, ஒரு நாள் வெயில்ல வச்சு, மறுநாள் துணியால அழுத்தித் தொடச்சு பாருங்க. நின்னா வாங்குங்க.

பொடிக்கடை_திண்டுக்கல்:

அண்ணா சொன்னது எல்லாம் சரிதான், ஆனா பிரிண்டர் விக்கறவங்க யாரும் சொல்லாத ஒண்ண நான் சொல்றேன் தம்பி. நீங்க உணவுப் பொருள் விக்கறீங்க, அந்த சைவக் குறி இருக்குல்ல, பச்சை சதுரத்துக்குள்ள பச்சை வட்டம், அது பச்சைலதான் இருக்கணும். உங்க ரிப்பன் மிஷின் அடிக்கறது ஒரே கலர். கருப்பு ரிப்பன் போட்டா கருப்பு வட்டம்தான் வரும், அது செல்லாது. அதனாலதான் எங்கள மாதிரி ஆளுங்க எல்லாம் லேபிள அச்சகத்துல கலர்ல அடிச்சு ரோலா வாங்கிக்கறோம், சிவகாசிலயோ கோயமுத்தூர்லயோ, பேரு, படம், பச்சைக் குறி, உணவுப் பாதுகாப்புத் துறை எஃப்எஸ்எஸ்ஏஐயோட லோகோ, அவங்க கொடுக்கற 14 இலக்க லைசென்ஸ் நம்பர், விலாசம், கஸ்டமர் கேர் நம்பர்னு மாறாத சங்கதி எல்லாம் அதுலயே வந்துரும். பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எக்ஸ்பைரி, எம்ஆர்பி, இந்த மாறுற சமாச்சாரத்துக்கு மட்டும் வெள்ளைக் கட்டம் விட்டு வெச்சு நம்ம பிரிண்டர்ல அதுமேல அடிச்சுக்கறது. கலர் பிரிண்டர் வாங்கறதுக்கு அவசியமே வராது.

எம்ஆர்பிய ஏன் நம்ம பிரிண்டர்லயே அடிக்கச் சொல்றேன்னா, அச்சடிச்ச விலை மேல இன்னொரு ஸ்டிக்கர ஒட்டி விலைய ஏத்தறதுக்கு பேக் பண்ணி விக்கற சரக்குக்கான பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் ரூல்ஸ்ல இடம் கிடையாது. குறைச்சா மட்டும் ஒட்டலாம், அதுவும் பழைய விலை மறையக் கூடாது. கடலை விலை மாசத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்குற தொழில்ல நீங்க எம்ஆர்பியோட பத்தாயிரம் லேபிள் அச்சடிச்சு வெச்சுட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்க?

அப்புறம் யூனிட் சேல் பிரைஸும் போடணும். 500 மில்லி பாட்டில்னா ஒரு மில்லிக்கு எவ்வளவுன்னு, 5 லிட்டர் கேன்னா லிட்டருக்கு எவ்வளவுன்னு. 1 லிட்டர் பாட்டிலுக்கு எம்ஆர்பியும் அதுவும் ஒண்ணேங்கறதால தனியா வேண்டாம். எண்ணெய்க்கு இன்னொண்ணு, 2022ல மத்திய அரசு சொல்லியிருக்கு, மில்லி லிட்டர் போடறப்ப இத்தனை டிகிரி வெப்பத்துலன்னு எழுதாம எடையையும் சேத்துப் போடுங்கன்னு, எண்ணெய் சூட்டுல விரியும் இல்லையா. தமிழ்ல பேரு போடுங்க, தாராளமா போடுங்க, ஆனா சட்டப்படி வேண்டிய விவரம் எல்லாம் இங்கிலீஷ்லயோ இந்திலயோ இருந்தாகணும், தமிழ் கூடுதலாத்தான்.

சர்வீஸ்பெஞ்ச்:

அக்கா சொன்னதுதான் சரியான ரூட்டு. நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல பார்கோடு பிரிண்டர் சர்வீஸ் பண்றேன், அந்த பக்கத்துலருந்து கொஞ்சம்.

அச்சடிச்ச ரோல் மேல ஓவர் பிரிண்ட் பண்றீங்கன்னா அச்சகத்துல ரெண்டு மூணு விஷயம் கறாரா சொல்லிருங்க, இல்லைன்னா ரோல் வந்ததுக்கப்புறம் என்ன மாதிரி ஆளத்தான் கூப்பிடுவீங்க. முதல்ல அந்த வெள்ளைக் கட்டத்துல வார்னிஷோ லேமினேஷனோ வரக் கூடாது. பளபளப்புக்கு முழு லேபிளுக்கும் யூவி வார்னிஷ் போட்டுருவாங்க, அதுமேல ரிப்பன் மை பிடிக்காது, உரிஞ்சுட்டு வரும், அப்புறம் பிரிண்டர் சரியில்லைன்னு சண்டை. ரெண்டாவது கோர் சைஸ், அதாவது ரோல் நடுவுல இருக்கற அட்டைக் குழாயோட அளவு. மேசை மேல வைக்கற மிஷினுக்கு 1 இன்ச் கோர், ரோல் மொத்த விட்டம் 5 இன்ச்சுக்குள்ள. அச்சகத்துல வழக்கமா 3 இன்ச் கோர்ல சுத்திக் கொடுத்துருவாங்க, அது பெரிய இண்டஸ்ட்ரியல் மிஷினுக்கு. கட்டம் கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும், லேபிளுக்கு லேபிள் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மேல கீழ போகும், கட்டத்த ஒட்டி எழுத்த வைச்சா கோட்டு மேல ஏறிரும்.

மிஷின்னு வந்தா நான் முதல்ல பாக்கறது ரிப்பன் நீளம். டிஇ244ல 300 மீட்டர் ரிப்பன் போகும், சில சின்ன மாடல்ல 74 மீட்டர்தான். உங்க லேபிள் 75 மில்லிமீட்டர் உயரம், நடுவுல 3 மில்லிமீட்டர் கேப்னு வெச்சுக்குங்க, 300 மீட்டர்ல 3,800 லேபிள் சொச்சம் வரும், 74 மீட்டர்ல 950கூட வராது. உங்க கணக்குக்கு அஞ்சாறு நாளைக்கு ஒரு தரம் ரிப்பன் மாத்தணும், யாருக்கு பொறுமை இருக்கு. சின்ன ரிப்பன் மீட்டர் கணக்குல பாத்தா விலையும் ஜாஸ்தி. லேபிள் அகலத்த விட ரிப்பன் கொஞ்சம் அகலமா இருக்கணும், குறுகலா போட்டா லேபிள் ஓரம் நேரா ஹெட்டுல உரசி ஹெட்ட தின்னுரும். மை வெளிப்பக்கமா உள்பக்கமான்னும் பாக்கணும். தெரியலைன்னா ஒரு ஸ்டிக்கரோட பசைப் பக்கத்த ரிப்பன்ல அழுத்தி எடுங்க, கருப்பு ஒட்டிட்டு வர்ற பக்கம்தான் மை, அது லேபிள் பக்கம் இருக்கற மாதிரி மாட்டணும்.

கொரியருக்கு தனி மிஷின் வேண்டாம். ரிப்பன் மிஷின்ல ரிப்பன கழட்டிட்டு டைரக்ட் தெர்மல் ரோல் போட்டு டிரைவர்ல மோட மாத்தினா ஓடும். ஆனா டைரக்ட் தெர்மல் மட்டும்னு வாங்கின மிஷின்ல ரிப்பன் மாட்ட முடியாது, அதுக்கு இடமே இருக்காது. மாத்தறப்ப எல்லாம் கேலிபரேஷன் ஒரு தரம் ஓட்டுங்க, கேப் சென்சர் புது லேபிள படிச்சுக்கும். லேபிள விட்டு விட்டு தாவுது, ரெண்டு ரெண்டா வெளிய வருதுன்னு எனக்கு வர்ற போன்ல பாதிக்கு இதுதான் மருந்து.

பேட்ச்கோடர்:

எல்லாரும் பிரிண்டர் வாங்கிக் கொடுக்கறதுலயே இருக்கீங்க. அந்த அக்கா சொன்ன மாதிரி லேபிள வெளிய அச்சடிச்சுட்டா பாக்கி இருக்கறது நாலு வரி. நாலு வரிக்கு எதுக்குங்க லேபிள் பிரிண்டர்? கைல பிடிச்சு அடிக்கற இங்க்ஜெட் கோடர் இருக்கு, அரை இன்ச் உயரத்துக்கு அடிக்கும், பேட்ச், தேதி, விலை எல்லாம் வந்துரும், பாட்டில நிரப்பி மூடி போட்டு லேபிள் ஒட்டினதுக்கப்புறம் கூட அடிக்கலாம். பிபிலயும் பெட்லயும் காயணும்னா சால்வென்ட் மை கார்ட்ரிட்ஜ் போடணும், தண்ணி மை நிக்காது.

சர்வீஸ்பெஞ்ச்:

@பேட்ச்கோடர் தப்பு இல்ல, ஒரே லேபிள் ஒரே சைஸ்னா நானே அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அவருக்கு எண்ணெய் மூணு, அளவு நாலு, ஆக பன்னெண்டு லேபிள். பன்னெண்டையும் தனித்தனியா அச்சடிச்சு ஸ்டாக் வெச்சா பணம் பூரா லேபிள்ல தூங்கும். ரிப்பன் மிஷின் இருந்தா பாட்டிலுக்கு ஒண்ணு கேனுக்கு ஒண்ணுன்னு ரெண்டே பொது லேபிள அச்சடிச்சுட்டு எண்ணெய் பேரு, அளவு, பார்கோடு, ஊட்டச்சத்து கட்டம் எல்லாத்தையும் மிஷின்லயே அடிச்சுக்கலாம். அதுபோக சால்வென்ட் கார்ட்ரிட்ஜ திறந்து போட்டா முனை காஞ்சு அடைச்சுக்கும், தினம் ஓட்டற ஆளுக்கு சரி, விட்டு விட்டு ஓட்டறவங்களுக்கு தலைவலி.

காங்கேயம்செக்கு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்வளவு விவரமா வரும்னு நினைக்கல. பச்சைக் குறி விஷயம் எங்களுக்கு தோணவே இல்லைங்க அக்கா. பொது லேபிள் ரெண்டு ரோல், வெள்ளை பிபி, வார்னிஷ் இல்லாத கட்டம், அக்ரிலிக் பசைன்னு நோட்டுல எழுதிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம் மட்டும். பார்கோடு நாமளே ஏதாச்சும் நம்பர் போட்டு அடிச்சுக்கலாமா? டிஇ244 203 டிபிஐன்னு போட்டிருக்கு, டிஇ310னு 300 டிபிஐ ஒண்ணு இருக்காம், விலை ஜாஸ்தி, அது வேணுமாங்க? தமிழ் எழுத்து வேற அடிக்கணுமில்ல.

லேபிள்பட்டறை_கோவை:

நம்பர் நாமளே போட முடியாதுங்க. உங்க கடைக்குள்ள பில்லிங்குக்கு மட்டும்னா எதை வேணா போட்டுக்கலாம், வெளிய சூப்பர் மார்க்கெட்டுக்கு போகுதுன்னா பார்கோடு நம்பர் ஒதுக்கற அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவுல பதிவு பண்ணி அவங்க கொடுக்கற நம்பர்தான், 890னு ஆரம்பிக்கும். நெட்டுல மலிவா நம்பர் விக்கறாங்கன்னு வாங்கிராதீங்க, வேற யாரு பேர்லயோ பதிவானதா இருக்கும், கடைல ஸ்கேன் பண்ணா யாரோட பிஸ்கட்டோ வந்து நிக்கும். ஒவ்வொரு எண்ணெய்லயும் ஒவ்வொரு அளவுக்கும் தனி நம்பர்னு உங்களுக்கு பன்னெண்டு நம்பர் வேணும், அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

சர்வீஸ்பெஞ்ச்:

டிபிஐ விஷயத்துக்கு வர்றேன், ஒரு இன்ச்சுல எத்தன புள்ளி அடிக்கும்ங்கறதுதான் அது, இதுல கொஞ்சம் கணக்கு இருக்கு. 203 டிபிஐன்னா ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். கடைல போடற 13 இலக்க ஈஏஎன் பார்கோடுல ஒல்லியான கோடு 0.33 மில்லிமீட்டர் இருக்கணும், 80 சதவீதம் வரைக்கும் சுருக்கலாம், அப்ப 0.264. இப்ப 203ல ரெண்டு புள்ளி வெச்சா 0.25, அனுமதிச்ச அளவுக்கும் கீழ போயிருது. மூணு புள்ளி வெச்சா 0.375, அதாவது பார்கோடு பெரிசாகும், சரியான அளவ விட பதிமூணு பதினாலு சதவீதம் அகலம். நடுவுல ஒண்ணு வராது. 300 டிபிஐல நாலு புள்ளி 0.339 வருது, கிட்டத்தட்ட அப்படியே உக்காந்துரும். ஆக 500, 1 லிட்டர் பாட்டில்ல இடம் இருக்கு, 203லயே மூணு புள்ளில பெரிசா அடிங்க, அருமையா ஸ்கேன் ஆகும். 200 மில்லி சின்ன பாட்டில்தான் இடிக்கும். எதுல அடிச்சாலும் சாஃப்ட்வேர்ல பார்கோட மவுஸால இழுத்து சின்னதாக்காதீங்க, கோடுங்க அரை புள்ளில விழுந்து தடிமன் தாறுமாறா ஆயிரும், கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும், ஸ்கேனர்ல கீ கீன்னு கத்தும். சின்ன பாட்டில் வளைவுல ஒட்டறப்ப கோடெல்லாம் ஏணிப்படி மாதிரி படுக்கையா இருக்கட்டும், நிக்க வெச்சா ஓரத்து கோடு வளைஞ்சு பின்னாடி போயிரும், ஸ்கேனருக்கு எட்டாது.

தமிழுக்கு, மிஷினுக்குள்ள இருக்கற ஃபான்ட்ல தமிழ் கிடையாது. பில்லிங் சாஃப்ட்வேர்லருந்து நேரா கமாண்டா அனுப்பினா கட்டம் கட்டமா வரும். விண்டோஸ் டிரைவர் வழியா பார்டெண்டர் மாதிரி சாஃப்ட்வேர்ல யூனிகோட் ஃபான்ட் வெச்சு அடிச்சா எழுத்த படமா மாத்தி அனுப்பிரும், சுத்தமா வரும். ஆனா சின்ன எழுத்துல ண, ஞ, ணை எல்லாம் வளையம் அடைச்சுக்கும், 203ல 9 பாயிண்ட்டுக்கு கீழ தமிழ் போடாதீங்க, தடிமனான ஃபான்ட்டும் வேண்டாம்.

என்ன கேட்டா உங்களுக்கு 300 டிபிஐ. ஊட்டச்சத்து கட்டம், யூனிட் விலை, இங்கிலீஷ் விவரம் எல்லாம் 200 மில்லி பாட்டில்ல அடங்கணும்னா 203ல நெருக்கடி. அந்த 200 மில்லிய நிறுத்திட்டீங்கன்னா 203 தாராளம், காசு மிச்சம்.

பொடிக்கடை_திண்டுக்கல்:

எழுத்து உயரத்துக்கும் ரூல் இருக்கு தம்பி, அளவு, எம்ஆர்பி எழுத்தெல்லாம் பாக்கெட் அளவ பொறுத்து இத்தன மில்லிமீட்டர்னு. இடம் பத்தலைன்னு எம்ஆர்பிய எறும்பு சைஸ்ல போட்டுராதீங்க, எடை அளவு பாக்கற லீகல் மெட்ராலஜி ஆளுங்க வந்தா முதல்ல ஸ்கேலதான் எடுப்பாங்க. டிசைன் பண்றவர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, அவங்க பாட்டுக்கு செக்குமாடு படத்த பாதி லேபிளுக்கு போட்டுருவாங்க.

காங்கேயம்செக்கு:

ஹா ஹா அக்கா, மாடு படம் ஏற்கனவே பெரிசாத்தான் போட்டு வெச்சிருக்கார், குறைக்கச் சொல்லிடறேன். 200 மில்லி கோயில் கடைகள்ல நல்லா போகுது, நிறுத்த முடியாதுங்க, அப்ப 300 டிபிஐயே பாக்கறேன். சர்வீஸ் அண்ணா, ஹெட் மாத்தறது ரொம்ப செலவுன்னு கேள்விப்பட்டேன், அது எத்தன நாள் வரும்ங்க?

சர்வீஸ்பெஞ்ச்:

நாள் கணக்கு இல்லைங்க அது, ஓடற நீளக் கணக்கு, கம்பெனி வாரன்டியே கிலோமீட்டர்லதான் கொடுப்பாங்க. ஹெட்டும் தேயற சாமான்தான்னு வெச்சு வாங்குங்க, 300 டிபிஐ ஹெட் விலை இன்னும் கூட. மிஷின் வாங்கறப்பவே ஹெட் தனியா என்ன விலை, ஊர்லயே கிடைக்குமா, எத்தன நாள்ல வரும்னு கேட்டு பில்லு மேலயே எழுதி வாங்கிக்குங்க, அதுக்கு முழிக்கற டீலர்கிட்ட மிஷினே வாங்காதீங்க. ரிப்பன் மாத்தற ஒவ்வொரு தரமும் மிஷின அணைச்சு, ஹெட் ஆறினதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு ஒரு தொடை தொடைங்க. எண்ணெய் ஆட்டற இடத்துலருந்து தள்ளி, கதவு போட்ட ரூம்ல வைங்க, செக்குக் கடைல காத்துலயே எண்ணெயும் கடலைத் தொலித் தூசியும் மிதக்கும், அது ரோலர்ல படிஞ்சா லேபிள் வழுக்கும். டார்க்னஸ தேவைக்கு மேல ஏத்தாதீங்க. அடிச்சதுல மேலருந்து கீழ வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு விட்டு விட்டு இல்லாம நேரா வந்துச்சுன்னா, தொடைச்சும் போகலைன்னா, ஒரு புள்ளி செத்துருச்சுன்னு அர்த்தம்.

லேபிள்பட்டறை_கோவை:

கடைசியா ஒண்ணு, இது பிரிண்டர் சம்பந்தப்பட்டது இல்ல. எண்ணெய் பிடிச்ச கையோட பாட்டில தூக்கி லேபிள் ஒட்டறாங்க பாருங்க, அங்கதான் எவ்வளவு நல்ல பசையும் தோத்துப் போகுது. நிரப்பறதுக்கு முன்னாடி காலி பாட்டில்லயே லேபிள ஒட்டிருங்க, இல்ல ஒட்டற ஆள் வேற நிரப்பற ஆள் வேறன்னு பிரிச்சுருங்க. சாம்பிள் பிபி ரெண்டு மூணு தரத்துல என்கிட்ட துண்டு ரோல் கிடக்கு, தனிச்செய்தில விலாசம் அனுப்புங்க, பார்சல் போட்டு விடறேன், டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்க.